கேம்பர் வானுக்கு வெளியிலிருந்து கரண்ட் எடுப்பவர்களுக்கு: ஒரு பிளக் கருகிய பின் எழுதியது

கிழக்கிலங்கையின் கடலோர ஊரான உல்லையில் ஒரு விருந்தினர் விடுதியின் தோட்டத்தில், படுக்கையும் சமையலும் உள்ள எங்கள் கேம்பர் வானை நிறுத்தியிருந்தோம். ஆடி மாதம். பகல் முழுக்கக் கச்சான் காற்று அடித்து, மாலை ஆறு மணிக்கும் வானின் தகரம் கை வைக்க முடியாமல் சுட்டது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மனைவி இன்டக்ஷன் அடுப்பில் மீன் குழம்பு வைத்திருந்தாள். ரைஸ் குக்கரில் சோறு. பற்றரி சார்ஜர் தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. ஏழே கால் மணியளவில் பிளாஸ்டிக் எரிவது போல ஒரு வாடை வந்தது. எங்கிருந்து என்று தேடி முடிப்பதற்குள் வானும் விடுதியும் சேர்ந்து இருண்டுவிட்டன.

விடுதிக்காரக் காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) டோர்ச் லைட்டுடன் வந்தார். குசினிச் சுவரில் இருந்த பிளக் பொயின்டின் முகம் பழுப்பாக உருகி, எங்கள் பிளக்கின் ஒரு கால் அதற்குள் ஒட்டிக்கொண்டு நின்றது. "தம்பி, கரண்ட் எடுங்கள் என்று சொன்னது நான்தான். ஆனால் இவ்வளவு எடுப்பீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார்.

அவர் சொன்னது சரி. "கரண்ட் எடுக்கலாமா?" என்று கேட்டேன், "ஓம்" என்றார், கதை முடிந்தது என்று நினைத்தேன். எத்தனை அம்பியர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐரோப்பாவின் வாகன முகாம்களில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சிறு தூண் நிற்கும். அதில் நீல நிற மூன்று கால் பொயின்டும், 6 அல்லது 10 அல்லது 16 அம்பியர் என்ற எல்லையும் இருக்கும். எல்லையைத் தாண்டினால் உங்கள் தூணின் பிரேக்கர் (அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) மட்டும் விழும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நமக்குக் கிடைப்பது விடுதிக் குசினியின் பொயின்ட், மாமி வீட்டு விறாந்தையின் பொயின்ட், வயலோரத் தண்ணீர் மோட்டார் கொட்டிலின் பொயின்ட். அதாவது இன்னொருவரின் வீட்டு மின்சாரத்தில் பங்கு கேட்கிறோம். கீழே உள்ள ஒழுங்கு அந்த நிலைமைக்காக எழுதப்பட்டது.

1. வான் எவ்வளவு இழுக்கிறது என்று வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு சாமானின் அடியிலும் அதன் வாட் அளவு அச்சிட்டிருக்கும். அதை 230 ஆல் வகுத்தால் அம்பியர். மனக்கணக்குக்கு, ஆயிரம் வாட்டுக்கு நாலரை அம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடச் சொல்லும், அது நல்லதுதான்.

என் வானின் பட்டியல் இது: இன்டக்ஷன் அடுப்பு 2000 வாட், கேத்தில் 2000, சிறிய ஏ.சி. 900, ரைஸ் குக்கர் 700, பற்றரி சார்ஜர் 650. பன்னிரண்டு வோல்ட் ஃபிரிட்ஜ் 50 சொச்சம், மின்விசிறி அதற்கும் கீழே. பல்புகளையும் போன் சார்ஜர்களையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஃபோன் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேத்திலைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யானையை விட்டுவிட்டு எறும்பைப் பிடிக்கும் வேலை.

பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்: சூடாக்குகிற சாமான்கள்தான் முழுச் சாப்பாட்டையும் சாப்பிடுகின்றன. அன்று இரவு நாங்கள் ஒரே நேரத்தில் ஓட்டியது 2000, 900, 700, 650. கூட்டினால் 4250 வாட், ஏறத்தாழ பதினெட்டரை அம்பியர். அதைப் பதின்மூன்று அம்பியர் பிளக் ஒன்றின் வழியே இழுத்திருக்கிறோம்.

ஒரு பொறி இங்கேயே இருக்கிறது. நம் நாட்டில் ஓடும் வான்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கேயே கேம்பர் வானாக மாற்றப்பட்ட வாகனத்தை வாங்கியிருந்தால், அதிலுள்ள சார்ஜரும் மைக்ரோவேவும் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவையாக இருக்கலாம். நம்முடைய 230 வோல்ட்டை அதற்குக் கொடுத்தால் ஒரு நொடியில் புகைந்துவிடும். லேபிளில் '100–240' என்று இருந்தால் பயமில்லை. '100' என்று மட்டும் இருந்தால் அந்தச் சாமானை மாற்றும் வரை வானை எந்தச் சுவரிலும் செருகாதீர்கள்.

2. உங்கள் பிரேக்கர் முதலில் விழும்படி செய்யுங்கள்

அன்று இரவு பிரேக்கர் ஏன் விழவில்லை என்பதுதான் என்னை நீண்ட நாள் குடைந்த கேள்வி. குசினிப் பொயின்டுக்கு 16 அம்பியர் பிரேக்கர் இருந்தது. பிளக்குக்குள் 13 அம்பியர் ஃபியூஸ் இருந்தது. நாங்கள் எடுத்தது பதினெட்டரை. இரண்டுமே சும்மா இருந்தன.

பிறகுதான் விளங்கியது. 16 அம்பியர் பிரேக்கர் பதினாறைத் தாண்டியவுடன் விழுவதில்லை. ஏறத்தாழ 18 வரை அது விழாமலே நிற்கலாம். 23 அம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழும் என்பதுதான் அதற்கான தரவிதி. பிளக்கின் 13 அம்பியர் ஃபியூஸும் 20 அம்பியரை அரை மணிக்கும் மேலாகத் தாங்கும். பெரிய ஷோர்ட் வந்தால் இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் வேலை செய்யும். ஆனால் இப்படிக் கொஞ்சம் கூடுதலாக, நீண்ட நேரம் எடுத்தால் வயரும் பிளக்கும்தான் சூடேறும். பிளக்கின் கால் தளர்வாக இருந்தால் சூடு அங்கே குவியும். பிளாஸ்டிக் உருகி உயிர்க்கம்பி (மின்சாரம் வரும் கம்பி) எர்த்தைத் தொட்ட பிறகே, மின்சாரம் கசிந்தால் வெட்டும் விடுதியின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அதனால்தான் எல்லா அறைகளும் சேர்ந்து இருண்டன.

இதற்கு மருந்து, வானுக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு சிறிய பெட்டி. அதில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று, உயிர்க்கம்பியையும் நொதுமல் (நியூட்ரல்) கம்பியையும் சேர்த்து வெட்டுகிற 10 அம்பியர் இரட்டைப் பிரேக்கர் ஒன்று. பத்து அம்பியர் பிரேக்கர் பதினாலரையில் ஒரு மணிக்குள் விழுந்துவிடும், பிளக் தப்பிவிடும். பலவீனமான இடங்களுக்காக 6 அம்பியர் பிரேக்கர் ஒன்றையும் பக்கத்தில் பொருத்தி, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி வைத்திருக்கிறேன்.

இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் உரிமம் உள்ள மின்னியலாளரைப் பிடியுங்கள். அரை நாள் வேலை. முடிந்ததும் வயரிங் படத்தை ஒரு தாளில் வரைந்து கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் மூன்று இடத்தில் உதவும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. ஆவணங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வானின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எப்படியும் இருக்கும். ஆசனங்களைக் கழற்றிப் படுக்கை போட்டு, கூரையைத் துளைத்திருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதை எடுக்காமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து ஒன்று வந்த பிறகு காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். வானுக்குள் 230 வோல்ட் வயரிங்கும் எரிவாயு சிலிண்டரும் இருக்கின்றன என்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வையுங்கள். மின்னியலாளரின் தாள் முதலில் உதவுவது இங்கே.

இரண்டாவது, இடம் தருபவரிடம். "என் வானில் ட்ரிப் சுவிட்சும் பத்து அம்பியர் பிரேக்கரும் இருக்கின்றன" என்று வாயால் சொல்வதை விட அந்தத் தாளைக் காட்டினால் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். மூன்றாவது, வழியில் ஏதாவது பழுதானால் வேறு ஊர் மின்னியலாளரிடம். எந்த வயர் எங்கே போகிறது என்று அவர் பலகையைக் கழற்றித் தேட வேண்டியதில்லை.

4. இடத்துக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை

"கரண்ட் இருக்கிறதா?" என்பது கேள்வியே அல்ல. எல்லோரும் இருக்கிறது என்பார்கள். நான் இப்போது இப்படிக் கேட்கிறேன்:

"காக்கா, உங்கள் மின்சாரப் பட்டியலில் (பில்லில்) எத்தனை அம்பியர் இணைப்பு என்று இருக்கிறது? ஒற்றைக் கட்டமா, மூன்று கட்டமா?"

பெரும்பாலான வீடுகளில் ஒற்றைக் கட்டம் (சிங்கிள் பேஸ்), 30 அம்பியர். அப்படியென்றால் முழு வீட்டுக்கும் சேர்த்து 6900 வாட்தான். அதில் இரண்டு அறையின் ஏ.சி., தண்ணீர் மோட்டார், ஒரு சுடுநீர் ஹீற்றர் ஓடினால் இரவில் உங்களுக்கு மிஞ்சுவது ஆறு அம்பியரோ ஏழோ. மூன்று கட்ட இணைப்பு என்றால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் உங்கள் பொயின்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதே கட்டத்தில் ஏ.சி. அறைகள் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.

"நான் செருகப்போகும் பொயின்ட் சதுரக் காலா, உருண்டைக் காலா?"

பழைய வீடுகளில் உருண்டைக் கால் பொயின்ட் இன்னும் நிறைய இருக்கின்றன. அதில் சிறியது 5 அம்பியர். ஒரு மின்விசிறிக்கும் ரேடியோவுக்கும் போடப்பட்டது. அதற்குள் பேனா மூடியால் எர்த் துவாரத்தைக் குத்தித் திறந்து, ஒரு அடாப்டரைச் சொருகி, அதில் வானை மாட்டுவது நம் ஊரின் கைவந்த கலை. வேண்டாம். 5 அம்பியர் என்றால் 1150 வாட். சார்ஜரையும் மின்விசிறியையும் மட்டும் ஓட்டலாம்.

"பொயின்டிலிருந்து வான் நிற்கும் இடம் எத்தனை அடி?"

இதைக் கேட்காமல் போய், கடைசியில் ஆறு அடி குறைந்து, வானை மாட்டுத் தொழுவத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் நிறுத்தி இரண்டு இரவு தூங்கியிருக்கிறோம். வாகரைப் பக்கம்.

குமணவுக்கோ கல்லோயாவுக்கோ போகிறீர்கள் என்றால் காட்டு முகாமில் மின்சாரம் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள். முந்தின இரவு பொத்துவிலிலோ அம்பாறையிலோ பற்றரியை நிரப்பிக்கொண்டு போங்கள். நூறு அம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஒன்றில் 1280 வாட்-மணி இருக்கிறது. ஃபிரிட்ஜும் மின்விசிறியும் பல்பும் ஒரு நாள் தாங்கும். ஏ.சி. தாங்காது.

5. வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

முழுச் செலவில் அதிகம் வலித்தது இதுதான். அதனால்தான் முதல் தடவை மெல்லிய வயரை வாங்கினேன், அதனால்தான் இரண்டாம் தடவையும் வாங்க வேண்டி வந்தது.

முப்பது மீற்றர் தூரத்துக்குப் பத்து அம்பியர் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் வழியிலேயே 8.7 வோல்ட் தொலைந்துபோகும். 2.5 சதுர மில்லிமீற்றரில் 5.4. மேசை விளக்குக்கு வைக்கும் 0.75 வயரில் 18 வோல்ட்டுக்கும் மேல். தொலைந்த வோல்ட் வேறெங்கும் போகவில்லை, வயரைச் சூடாக்குகிறது.

நம் மின்சாரம் 230 வோல்ட், அதில் ஆறு வீதம் கூடலாம் அல்லது குறையலாம். ஆக, 216 வரை இறங்கினாலும் அது விதிக்குள்தான். மின்மாற்றியிலிருந்து தூரத்தில், கம்பி முடியும் இடத்தில் இருக்கும் வீட்டில் மாலை நேரத்தில் அதற்கும் கீழே போவதை என் மின்மானியில் பார்த்திருக்கிறேன். அங்கே உங்கள் மெல்லிய வயர் இன்னொரு பதினெட்டைத் தின்றால் ஏ.சி. கம்பிரசர் உறுமிக்கொண்டே நிற்கும், ஓடாது. கொஞ்ச நாளில் அதன் சுருள் கருகும்.

ஆகவே 2.5 சதுர மில்லிமீற்றர், மூன்று கம்பி, ரப்பர் உறை. இருபத்தைந்து மீற்றர் போதும். ஹாட்வெயார் கடையில் கேட்டால் "இது எதற்கு அண்ணன், ஒன்றரையே தாங்கும்" என்பார்கள். தாங்கும்தான்.

உருளையில் சுற்றிய வயரை அப்படியே வைத்துப் பாவிக்காதீர்கள். சுற்றியபடி இருந்தால் உள்ளே சூடு வெளியேறாது. 13 அம்பியர் தாங்கும் உருளை, சுற்றிய நிலையில் அதில் பாதியைக்கூடத் தாங்காது. எவ்வளவு மிச்சம் இருந்தாலும் முழுவதையும் இழுத்து, வானுக்கு அடியில் தளர்வாகப் போட்டுவிடுங்கள். வட்டமாக அடுக்கி வைத்தாலும் அதே கதைதான்.

நடுவில் ஒட்டு வேண்டாம். இரண்டு வயரைப் பிளக் மூலம் இணைத்து அந்த இணைப்பை ஈர மணலில் கிடக்க விடுவது, காலையில் ட்ரிப் சுவிட்ச் விழுவதற்கு முதல் காரணம்.

6. செருகுவதற்கு முன் பொயின்டைச் சோதியுங்கள்

பிற்பகல் நான்கு மணிக்கு முன் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். இருட்டில் எதையும் பார்க்க முடியாது. ஏதாவது பிழை என்றால் உள்ளூர் மின்னியலாளர் ஒருவரை அழைக்கவும் நேரம் இருக்கும்.

மூன்று சிறு விளக்குகள் உள்ள பொயின்ட் சோதிப்பான் கடைகளில் கிடைக்கிறது. இந்தப் பட்டியலில் மிக மலிவான சாமான் அதுதான். செருகியவுடன் உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, எர்த் கம்பி சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று காட்டும். சதுரக் கால் பொயின்டை முன்னிருந்து பார்த்தால் வலப்பக்கம் உயிர்க்கம்பி. உயிரும் நொதுமலும் மாறியிருந்த பொயின்ட் எனக்குக் கல்முனைப் பக்கம் இரண்டு தடவை அகப்பட்டிருக்கின்றன. வீட்டுக்காரருக்குத் தெரியாது, ஏனென்றால் பல்பு எப்படியும் எரியும்.

ஆனால் அந்தச் சோதிப்பான் எர்த் நல்லதா என்பதைச் சொல்லாது. இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். நம் நாட்டில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும்தான். எர்த், அந்தந்த வீட்டின் மண்ணில் அடித்த கம்பி. கடலோரத்து மணல் ஆடி, ஆவணியில் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். கம்பியும் உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும். அந்த எர்த்தின் தடை 100 ஓம் என்றால், வானின் உடலில் உயிர்க்கம்பி பட்டாலும் மண்ணுக்குப் போவது 2.3 அம்பியர்தான். பதினாறு அம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது. வானின் தகரம் முழுவதும் மின்சாரத்தோடு நிற்கும், ஈரக் காலுடன் கதவைத் திறப்பவர் வாங்கிக்கொள்வார். ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான் காப்பாற்றும். அதனால் அதன் 'T' (டெஸ்ட்) என்ற பொத்தானை அமத்திப் பாருங்கள், விழ வேண்டும். வீட்டு ட்ரிப் சுவிட்சை அமத்துவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். உள்ளே யாராவது தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழாதபடி கயிற்றால் கட்டியோ, அதைத் தாண்டி வயர் போட்டோ இருந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

7. இணைக்கும் ஒழுங்கு

வானின் பிரேக்கரைக் கீழே போடுங்கள். வயரின் ஒரு முனையை முதலில் வானில் செருகுங்கள், அதன் பிறகே சுவரில். மாறிச் செய்தால் கையில் பிடித்திருக்கும் முனையில் மின்சாரம் இருக்கும். நடுவில் அலகு (யூனிட்) காட்டும் சிறு மின்மானியைப் போட்டு, வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். 216க்கும் 244க்கும் இடையில் என்றால் பிரேக்கரை ஏற்றுங்கள்.

வானில் பெரிய இன்வேர்ட்டர்–சார்ஜர் இருந்தால் வெளியிலிருந்து எத்தனை அம்பியர் எடுக்கலாம் என்று அதிலேயே எல்லை வைக்கும் வசதி இருக்கும். அதை 6இல் அல்லது 10இல் வையுங்கள். நீங்கள் கேத்திலைப் போட்டவுடன் சார்ஜர் தானாகவே தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். சில வகைகள் பற்றாததைப் பற்றரியிலிருந்தும் எடுத்துக் கொடுக்கும். இந்த ஒரு எண்ணை மாற்றாமல் விட்டதுதான் முதல் வருடம் முழுக்க என் தலைவலி.

மலிவான இன்வேர்ட்டரில் வேறொரு சிக்கல். அதற்குள்ளேயே நொதுமலும் எர்த்தும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். வெளி மின்சாரம் வரும்போது அந்தக் கட்டு பிரியாவிட்டால், வானைச் செருகிய கணமே வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழும். ஒரு சாமானும் ஓடாமலே விழுகிறது என்றால் அநேகமாக இதுதான்.

பத்து நிமிடம் கழித்து, பாரமான சாமான் ஒன்று ஓடும்போது, சுவரிலுள்ள பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாவிட்டால் நிறுத்துங்கள்.

8. முறை வைத்துச் சமையுங்கள்

ஒரு நேரத்தில் சூடாக்கும் சாமான் ஒன்று. என் வானின் சட்டம் இவ்வளவுதான். ஏ.சி. ஓடும்போது அதோடு சேர்த்து ரைஸ் குக்கர் சரி, கேத்தில் இல்லை.

நாட்டின் மின்சாரத் தேவை உச்சத்தில் இருப்பது மாலை 6.30 முதல் 10.30 வரை. விடுதிக்கும் அதே நேரம்தான் நெருக்கடி: கடலிலிருந்து வந்தவர்கள் குளிப்பார்கள், ஏ.சி. போடுவார்கள், குசினி வேலை செய்யும். ஆகவே சோற்றை ஐந்து மணிக்கே வடித்துவிடுகிறோம். ஆறு மணிக்குள் ஏ.சி.யைப் போட்டு வானைக் குளிரவைத்து, யன்னல் திரைகளை மூடிவிட்டால் பிறகு அது குறைவாகவே இழுக்கும். சார்ஜரை இரவு 10.30க்கு மேல் போடுகிறேன். அந்த நேரத்தில் வோல்ட்டும் ஏறியிருக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மீன் பொரிப்பது, குழம்பு, காலைப் பிட்டு எல்லாம் 5 கிலோ எரிவாயு சிலிண்டரில், வெளியே. இன்டக்ஷன் அடுப்பை அந்த இரவுக்குப் பிறகு மாமி வீட்டில் கொடுத்துவிட்டோம். மாமிக்குச் சந்தோசம்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி வரும். இருண்டு வருகிறதென்றால் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

9. விழுந்துவிட்டால்

எது விழுந்தது என்று முதலில் பாருங்கள். பிரேக்கர் என்றால் அளவுக்கு மேல் எடுத்திருக்கிறீர்கள். ஒரு சாமானை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது வயரை வேக வைக்கும் வேலை.

ட்ரிப் சுவிட்ச் என்றால் எங்கோ கசிகிறது. வானின் சுவிட்சுகளை நிறுத்தி மட்டும் சோதிக்காதீர்கள். நொதுமல் கம்பி எர்த்தைத் தொட்டிருந்தால், சுவிட்ச் நின்றிருந்தாலும் ட்ரிப் விழும். ஒவ்வொரு பிளக்கையும் கையால் கழற்றி வெளியே எடுங்கள். எல்லாம் கழன்ற பின் ட்ரிப் நின்றால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கேத்திலும் பழைய ஹீற்றரும்தான் அடிக்கடி அகப்படும் கள்ளர்கள். எல்லாவற்றையும் கழற்றியும் விழுகிறதென்றால் வயரில் அல்லது வானின் செருகுவாயில் ஈரம். வயரையே சுவரிலிருந்து கழற்றியும் விழுகிறதென்றால், பிழை உங்களுடையது அல்ல, அதை வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஊரே இருண்டிருந்தால் 1987 இலக்கத்துக்கு அழைத்து மின்தடையை அறிவியுங்கள். அந்த நேரத்தில் ஜெனரேற்றரிலிருந்து இரு பக்கமும் பிளக் உள்ள வயரால் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடன்படாதீர்கள். கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிர் போகும்.

10. காசு

முதல் நாளே பேசுங்கள். வீட்டுப் பாவனைப் பட்டியல் 30, 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறும். மேலே போகப் போக அலகின் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். அந்த வீட்டில் மாதம் 85 அலகு போகிறது என்று வையுங்கள். ஏ.சி.யோடு எங்கள் வான் நாளுக்கு ஏறத்தாழ 8 அலகு எடுக்கிறது, பத்து நாளில் 80. வீட்டின் கணக்கு 165க்குப் போய்விடும், இரண்டு படி ஏறி. பட்டியலின் மொத்தத்தை அலகால் வகுத்து வரும் சராசரி விலையைக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு நட்டம். அவர் போய்ச் சேரும் உச்சப் படியின் விலைதான் நியாயம். ஏ.சி. இல்லாமல் என்றால் நாளுக்கு மூன்று அலகுதான், அப்போது இவ்வளவு கணக்குத் தேவையில்லை. ஹோட்டல் பிரிவில் இணைப்பு உள்ள விடுதிகளில் படிகள் வேறு, கடைசிப் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மின்மானியின் தொடக்க எண்ணைப் படம் எடுத்து, அவருடைய வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். போகும் நாளில் கடைசி எண். உல்லைக் காக்காவுக்கு அந்தப் பொயின்டை மாற்றிய செலவையும், இருட்டில் இருந்த எட்டு அறைக்கும் அவர் வாங்கிக் கொடுத்த குளிர்பானத்தின் காசையும் கொடுத்தேன். முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் திருப்பித் தந்துவிட்டார்.

11. கிளம்பும் காலை

வானின் பிரேக்கரை இறக்குங்கள், சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள், கடைசியாக வானின் முனை. வயரைச் சுற்றும்போதே ஈரத் துணியால் மணலையும் உப்பையும் துடைத்துவிடுங்கள். பிளக்கின் கால்களில் பச்சை பூத்திருந்தால் உரசி எடுங்கள். செருகுவாயின் மூடியை மறக்காமல் மூடுங்கள்.

வயரைக் கழற்றாமல் வானை எடுத்த அனுபவமும் எனக்கு உண்டு. ஏழெட்டு அடி போன பிறகு, விடுதிப் பையன் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். அன்றிலிருந்து வானைச் செருகியவுடன் சாவியை எடுத்து, வெளியே செருகுவாயின் மூடியில் ஒரு கொக்கியில் மாட்டிவிடுகிறேன். வயரைக் கழற்றப் போனால்தான் சாவி கைக்கு வரும்.